ஒரே அறை... ஆள் காலி! இங்கிலீஷ் படம் ஊட்டிக்கு வந்த கதை

செத்துப்போனவன் திரும்பி வந்து, "சௌக்கியமா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

1958-ல் இங்கிலாந்தில் வெளியான "சேஸ் எ க்ரூக்கெட் ஷாடோ" படத்தின் கதை இதுதான். ஸ்பெயின் கடற்கரை பங்களாவில் வசிக்கும் பணக்காரப் பெண் கிம்பர்லி. அவள் சகோதரன் வார்ட் கார் விபத்தில் இறந்து போனவன். ஒருநாள் இரவு, "நான்தான் வார்ட்" என்று ஒருவன் வந்து நிற்கிறான்.

"இவன் மோசக்காரன்!" என்று அலறுகிறாள். போலீஸ் வருகிறது. ஆதாரமெல்லாம் அவன் பக்கம். வீட்டில் இருந்த போட்டோவில்கூட அவன் முகம்!

கடைசியில் கைரேகையும் ஒத்துப்போகிறது என்றதும் உடைந்து போகிறாள். அவன் வார்டாக இருக்க முடியாது, வார்டைக் கொன்றதே நான்தான் என்று கத்திவிடுகிறாள். வந்தவன் போலீஸ் ஆள்!

கல்கத்தா வழியாக...

இந்தக் கதை நேராக சென்னைக்கு வரவில்லை. 1963-ல் வங்காளத்தில் "சேஷ் அங்கா" ஆனது. உத்தம்குமார் நடித்தார். அங்கேதான் கதாநாயகி கதாநாயகன் ஆனாள், சகோதரன் மனைவி ஆனான். அடுத்த வருஷமே, 1964 செப்டம்பரில், தாதா மிராசி டைரக்‌ஷனில் சிவாஜியின் சொந்தப் படம் "புதிய பறவை" வந்துவிட்டது.

சிங்கப்பூர் கோபால், கப்பலில் லதாவைச் சந்திக்கிறான். ரயிலைக் கண்டாலே அலறுகிற ஆள். முதல் மனைவி சித்ரா ரயிலில் விழுந்து செத்தாள் என்கிறான். லதாவோடு கல்யாணம் கூடிவரும் நேரத்தில், மாமா எம்.ஆர்.ராதாவோடு சித்ரா வந்து இறங்குகிறாள்!

இங்கேதான் வித்தியாசம். இங்கிலீஷ் படத்தில் நிஜ வார்டை ஒரு காட்சியிலும் காட்டவில்லை. பொய் சொல்வது அவளா, வந்தவனா என்று ஜனங்கள் குழம்ப வேண்டியதுதான். தமிழில் ஃபிளாஷ்பேக்கில் சௌகார் ஜானகியைப் பார்த்தாகிவிட்டது; திரும்பி வருவதும் அதே சௌகார். அச்சு அசலாக அதே ஜாடையில் போலீசுக்கு ஒருத்தி கிடைத்தாளாம்! நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து கோபால் நடுங்கும்போது யார் அதை யோசிக்கிறார்கள்?

கொலையும் மாறிவிட்டது. கிம்பர்லி திட்டம் போட்டு பிரேக்கைக் கெடுத்தவள். சிவாஜி அப்படிச் செய்தால் கொட்டகையில் ஒத்துக்கொள்வார்களா? அதனால் கோபால் ஆத்திரத்தில் விட்டது ஒரே அறை. பலவீனமான இருதயம், சித்ரா விழுந்துவிட்டாள். உடலைத் தண்டவாளத்தில் போட்டான். அது மட்டும் திட்டம்தான்.

கண்ணி வைத்தவள் யார்?

அங்கே கண்ணி வைத்தவன் மேல் கிம்பர்லிக்கு ஆசையும் இல்லை, பாசமும் இல்லை. பிடிபட்டாள், அவ்வளவுதான். இங்கே எல்லாவற்றையும் நம்பிச் சொன்ன லதாவே போலீஸ்! அதோடு அவளுக்கும் நிஜமாகவே காதல் வந்துவிட்டது. சட்டத்தை ஏமாற்றியவனைக் காதல் ஏமாற்றுகிறது. சரோஜாதேவியின் "கோபால்... கோபால்..."தான் ஊரெல்லாம் மிமிக்ரி ஆனது, அந்தக் கடைசிக் கட்டத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

புதிர் என்று பார்த்தால் இங்கிலீஷ் படமே கெட்டி. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாகேஷ் காமெடி இல்லை, பாட்டு இல்லை. ஆனால் விடை தெரிந்தபின் இன்னொரு தடவை பார்க்க அதில் என்ன இருக்கிறது?

அந்தப் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் ஜூனியர் முடிவில் தானே திரையில் தோன்றி, ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். "புதிய பறவை" 2010-ல் சென்னையில் மறுபடியும் ரிலீஸ் ஆனது. லதா யார் என்று தெரிந்தவர்களே டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்கள்.