கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்

கோவில்பட்டிப் பேருந்து நிலையம். டீ ஆறுவதற்குள் ஒரு காட்சியைப் பார்த்துவிடுவோம். விளாத்திகுளம் பஸ்ஸில் கூடையோடு ஓர் அம்மா ஏறுகிறார். மூன்று பேர் சீட்டில் இரண்டு பேர் தாராளமாக உட்கார்ந்திருக்கிறார்கள். “அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்” என்கிறார். அண்ணாச்சி நகர்ந்து இடம் விடுவதோடு, கூடையையும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொள்கிறார்.

அந்த அம்மா ‘ப்ளீஸ்’ சொல்லவில்லை. ‘தயவுசெய்து’ என்றும் சொல்லவில்லை. அப்படியானால் அவர் பேச்சில் பணிவு எங்கே இருந்தது? அதைத் தேட, முதலில் ‘ப்ளீஸ்’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பழைய லத்தீனில் ‘பிளாசேரே’ என்றொரு வினைச்சொல் உண்டு. பிடித்துப்போவது, மனதுக்கு உகப்பது என்று பொருள். நோயாளியின் மனம் தேறக் கொடுக்கும் வெறும் மாத்திரையை மருத்துவர்கள் ‘பிளாசிபோ’ என்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். ‘உகப்பிப்பேன்’ என்பது அதன் நேர்ப்பொருள். லத்தீன் சொல் பிரெஞ்சுக்குள் வந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்த எத்தனையோ பிரெஞ்சுச் சொற்களில் இதுவும் ஒன்று.

ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது ஒற்றைச் சொல்லாக நிற்கவில்லை. ‘உங்களுக்கு உகந்தால்’ என்று ஒரு முழு வாக்கியமாகவே சொன்னார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒருவர் மற்றவரிடம் ஒன்றைக் கேட்கும்போது பெரும்பாலும் ‘ப்ரே’, அதாவது ‘வேண்டுகிறேன்’, என்றுதான் வரும். ‘ப்ளீஸ்’ தனியாக நிற்கப் பழகியது அதற்குப் பிறகு. நம் ஊரில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டி நிறைய இருந்த வெல்லத் தண்ணீர் வற்றி வற்றிப் பதத்துக்கு வருகிறது. அளவு குறைகிறது, இனிப்பு குறைவதில்லை. ஒரு வாக்கியம் அப்படி வற்றி நின்ற பாகுதான் ‘ப்ளீஸ்’. ‘முடியாது என்றால் விட்டுவிடுங்கள்’ என்று எதிரில் இருப்பவருக்குத் தரும் சுதந்திரம் அதற்குள் இருக்கிறது.

இங்கேதான் நாம் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். ‘ப்ளீஸுக்குத் தமிழ் தயவுசெய்து’ என்று பள்ளியில் படித்தோம். பேச்சில் அது அதிகம் கேட்காததால், நம் ஜனங்களுக்கு நயமாகக் கேட்கத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டோம். ஆனால் ‘தயவு’ என்பது இரக்கம். ஆங்கிலச் சொல் எதிராளியின் விருப்பத்தைக் கேட்கிறது. ‘தயவுசெய்து’ அவருடைய இரக்கத்தைக் கேட்கிறது. இரண்டும் வேறு வேறு வாசல்கள். வீட்டில் அம்மாவிடம், “தயவுசெய்து சோறு போடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். “ஏன்டா, எம்மேல என்ன கோவம்?” என்றுதான் கேட்பாள்.

இனி பஸ்ஸுக்குத் திரும்புவோம். அந்த அம்மாவின் நாலு சொல்லைப் பிரித்துப் பார்த்தால், ‘அண்ணாச்சி’ முன்பின் தெரியாத ஒருவரை உறவாக்குகிறது. ‘கொஞ்சம்’ இங்கே அளவைச் சொல்ல வரவில்லை. “கொஞ்சம் கதவைத் திறங்க” என்றால் யாரும் கதவைப் பாதி திறந்துவிட்டு நிற்பதில்லை. கேட்பதன் கனத்தைக் குறைக்கத்தான் அந்தச் சொல். ‘உக்காருங்க’ என்பதில் உள்ள ‘ங்க’, ‘ங்கள்’ என்ற பன்மை விகுதியின் தேய்ந்த வடிவம். ஒருவரையே பலராகப் பாவித்து மதிப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ப்ளீஸுக்குப் பதிலாகச் சொல்லும் ‘சில் வூ ப்ளே’யில் நடுவில் இருக்கும் ‘வூ’வும் இதே வேலையைச் செய்யும் ‘நீங்கள்’தான்.

கடைசியாக வால்: ‘உக்காருங்களேன்’. அந்த ‘ஏன்’ ஒட்டியதும் கட்டளை கரைந்து, முடிவு அண்ணாச்சியின் கைக்குப் போய்விடுகிறது. ஆங்கிலேயர் ‘உங்களுக்கு உகந்தால்’ என்று ஒரு வாக்கியம் போட்டுச் சொன்னதை, நாம் வினையின் நுனியில் ஓர் அசையால் சொல்லிவிடுகிறோம்.

பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் வட்டாரப் பேச்சுச் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்தவர். சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், பேச்சு ஏட்டில் ஏறத் தகுந்தது என்று நமக்குக் காட்டியவர். அந்தக் காதோடு கேட்டால், பணிவு தனிச்சொல்லாக வந்து நிற்காமல், பருத்திக் கொட்டையோடு பஞ்சு ஒட்டியிருப்பதுபோல் நம் வினைச்சொற்களோடு ஒட்டியிருப்பது தெரியும்.

பிள்ளைகள் ‘ப்ளீஸ்’ கற்றுக்கொள்ளட்டும். நல்ல சொல்தான் அது. கூடவே, “பாட்டி சொல்ற ‘உக்காருங்களேன்’ல அது ஏற்கெனவே இருக்கு” என்றும் அவர்களுக்குச் சொல்லிவிடுவோம். டீ ஆறுகிறது, குடியுங்களேன்.