நாயின் நொண்டலும் எலும்புப் புற்றும்

தில்லியில் ஜங்புராவை ஒட்டி, பாராபுல்லா என்னும் பெரிய வடிகாலின் கரையில், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த குடும்பங்கள் 1960-களின் பிற்பகுதி தொடங்கிச் சிறுகச் சிறுகக் கட்டியெழுப்பிய மதராசி கேம்ப், உயர்நீதிமன்றத்தின் உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள் இருந்த அக்குடியிருப்பில் 189 குடும்பங்களுக்கு மட்டுமே, நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு பெறும் தகுதி உண்டென்று தீர்மானமாயிற்று. அவ்வழக்கின் நியாய அநியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அங்கே வசித்த பெண்களில் பலர் ஜங்புராவிலும் அக்கம்பக்கத்துக் காலனிகளிலும் வீட்டு வேலை செய்து ஜீவனம் நடத்தியவர்கள். வசதியுள்ள வீட்டில் வேலை என்றால் நாயைக் குளிப்பாட்டுவதும், அதற்குச் சோறு வைப்பதும், மாலையில் வெளியே அழைத்துப் போவதும் சொல்லாமலே அதில் சேர்ந்துவிடும். நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றைப் பற்றி எழுதப் புகுந்தபோது இந்தப் பெண்கள் என் நினைவுக்கு வந்தது தற்செயலன்று. அவ்வியாதியின் முதல் அடையாளம் ஒரு சிறு நொண்டல். அதை முதலில் காண்பவர் பெரும்பாலும் நாயை விலைகொடுத்து வாங்கியவர் அல்லர், அதன் காலைத் துவட்டிவிடுகிறவரே.

நாயின் எலும்பிலேயே உற்பத்தியாகும் புற்றுகளில் நூற்றுக்கு 85 பங்கு ஆஸ்டியோசார்கோமா என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களே நெறி தவறிப் பெருகி, ஒருபுறம் இருக்கிற எலும்பைத் தின்றுகொண்டும், மறுபுறம் பலமற்ற புது எலும்பை ஒழுங்கின்றி அப்பிக்கொண்டும் போவதுதான் அதன் இயல்பு. சிறிய ஜாதி நாய்களை அது அதிகமாக நாடுவதில்லை. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், ராட்வெய்லர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு முதலிய நெடிய ஜாதிகளையே தேடிப் பிடிக்கிறது. உடலின் எடையைக் காட்டிலும் உயரமே இதில் முக்கியமான காரணமாகத் தோன்றுகிறது. ஏழெட்டு வயதில் வருவது சாதாரணம். ஒன்றரை, இரண்டு வயது இளம் நாய்களுக்கும் சில சமயம் வருவதுண்டு. நாயின் பாரத்தில் பாதிக்கு மேல் தாங்குபவை முன்னங்கால்கள் ஆகையால், அங்கே வருவது பின்னங்கால்களில் வருவதைப் போல் இரு மடங்கு. முன்னங்காலில் முழங்கையை விட்டு விலகி மணிக்கட்டின் அருகிலும் தோளின் அருகிலும், பின்னங்காலில் முழங்காலை ஒட்டியும் கட்டி தோன்றும்.

ராட்வெய்லர்களை வைத்து 2002-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஒரு வயது நிரம்புமுன் கருத்தடை செய்யப்பட்டவற்றில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்நோய் வந்ததாகக் கண்டது. இதைப் பிடித்துக்கொண்டு கருத்தடையே ஆகாதென்று வாதிப்பது பிசகு. பெரிய ஜாதி நாய்க்கு அறுவையைச் சற்றுத் தள்ளிப்போடலாமா என்று வைத்தியரைக் கேட்கலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

தெருநாயின் சங்கதி வேறு. அதற்கு வரும் புற்றில் பிரதானமானது, இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் பிறந்த உயிரணுக்களே இன்றுவரை உடல் விட்டு உடல் தாவி ஜீவித்து வருகின்றன என்பது விஞ்ஞானத்தின் விசித்திரங்களுள் ஒன்று. பார்க்க அருவருப்பாகவும் ரத்தம் சொட்டுவதாகவும் இருப்பினும், வின்கிரிஸ்டின் என்ற மருந்தை வாரம் ஒருமுறை நாலைந்து வாரம் நரம்பில் ஏற்றினால் பெரும்பாலும் அறவே மறைந்துவிடுகிறது. அம்மருந்து எடுக்கப்படுவதோ, நம்மூர்ச் சுடுகாட்டு ஓரங்களில் தானாக முளைப்பதும் தென்ஜில்லாக்களில் ஏற்றுமதிக்கென்று பயிரிடப்படுவதுமான நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. குடிசை வாசலில் படுத்த நாய்க்கு வரும் புற்று சொற்பச் செலவில் குணமாக, பங்களாவில் மெத்தையில் படுத்த நாய்க்கு வரும் புற்று லட்சக்கணக்கில் செலவழித்தும் குணமாகாதிருப்பதில் செல்வத்தின் செல்வாக்கு ஓரிடத்திலாவது செல்லவில்லை என்று எனக்கு ஓர் அற்ப திருப்தி உண்டு.

நொண்டலுக்கு வருவோம். நாய் ஓடியாடும் பிராணி ஆகையால், அது காலை நொண்டினால் சுளுக்கு என்றே எல்லோரும் நினைப்பார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்தால் நாலு நாள் சரியாகவும் போய்விடும். பிறகு மறுபடியும் வரும். நின்றுகொண்டிருக்கும்போது அந்தக் காலின் நுனி மட்டும் தரையைத் தொடும். படி இறங்கத் தயங்கும். துண்டால் துவட்டுகையில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரல் பட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அவ்விடத்தை மறு காலோடு ஒப்பிட்டுத் தடவினால் கெட்டியான, லேசான சூடுள்ள ஒரு வீக்கம் அகப்படும். நெடிய ஜாதி நாய் இரண்டு வாரத்துக்கு மேல் நொண்டினால் எக்ஸ்ரே எடுக்காமல் விடலாகாது. வேலைக்காரப் பெண் சொன்னதைக் காதில் வாங்காமல் இரண்டு மாதம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ!

எக்ஸ்ரே படத்தில் எலும்பின் முனை கரையான் அரித்த கட்டையாகக் காட்சியளிக்கும். ஓரங்களில் புது எலும்பு கீற்றுக்கீற்றாகச் சதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்குள் நோய் புகுவது அபூர்வம். பூஞ்சைத் தொற்றும் ஏறக்குறைய இப்படியே தோன்றக்கூடும் என்பதனால், ஊசியால் சிறிது திசுவை எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்துகொள்கிறார்கள். கூடவே நெஞ்சுக்கும் ஒரு படம் எடுப்பார்கள். அதில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தெரியாததனால் ஒன்றும் இல்லை என்று பொருளன்று. காலில் கட்டி கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பத்தில் ஒன்பது நாய்களின் நுரையீரலில் கண்ணுக்குப் புலப்படாத அணுக்கள் குடியேறியிருக்கும் என்பதே வைத்தியர்களின் நிர்ணயம்.

இங்கேதான் அந்தச் சங்கடமான பேச்சு வருகிறது: காலை எடுத்துவிட வேண்டும். கேட்டதும் வீட்டார் பதறுகிறார்கள். மூன்று கால் நாயைத் தெருவில் கண்டால் பரிதாபப்படும் நாம் நம் வீட்டிலேயே ஒன்றை உண்டாக்கிக்கொள்வதா என்று மனம் கூசுகிறது. நோயுற்ற எலும்பின் வலி சுளுக்கின் வலி அன்று. உள்ளேயிருந்து இரவும் பகலும் குடைவது. அதைச் சுமக்கும் காலை நாய் முன்பே பாதி துறந்து, மூன்று காலில் நடக்கப் பழகியிருக்கிறது. முன்னங்காலானால் தோள்பட்டை எலும்போடும், பின்னங்காலானால் இடுப்பு மூட்டோடும் எடுத்துவிடுகிறார்கள். அநேக நாய்கள் ஓரிரு நாளில் எழுந்து நிற்கின்றன; சில வாரங்களில் ஓடவும் செய்கின்றன. அவயவம் போனதை எண்ணி வருந்துவது மனிதனின் சுபாவமேயன்றி நாயினுடையது அன்று. பருத்த உடலும், மற்ற மூட்டுகளில் முன்பே தேய்மானமும் உள்ள நாய்க்கு மட்டும் யோசிக்க வேண்டும். பளபளவென்று இழைத்த பளிங்குத் தரையில் மூன்று கால் வழுக்கும் ஆதலால், நாய் நடமாடும் வழியெல்லாம் கயிற்றுப்பாய் விரித்துவிடுவது நல்லது.

காலை மட்டும் எடுத்தால் நாலைந்து மாதங்களுக்குள் பாதி நாய்கள் நுரையீரல் நோயால் இறந்துவிடுகின்றன. அத்துடன் கார்போபிளாட்டின் என்ற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நாலு முதல் ஆறு தடவை ஏற்றினால் அது பத்து, பன்னிரண்டு மாதமாக நீள்கிறது. ஐந்தில் ஒன்று இரண்டு வருஷத்தையும் தாண்டுகிறது. மனிதருக்குக் கொடுப்பதைப் போன்ற உக்கிரமான அளவில் கொடுப்பதில்லை ஆகையால், பெரும்பாலான நாய்களுக்கு ரோமம் உதிர்வதில்லை. ஓரிரு நாள் வாந்தியும், வெள்ளணுக் குறைவும் நேரலாம். மருந்து சிறுநீரில் வெளியேறும் மூன்று நாளும் நாய் நனைத்த இடத்தைத் துடைப்பவர் கையுறை அணிய வேண்டும்; கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. ஆஸ்பத்திரியில் இதைச் சொல்வது எஜமானரிடம், துடைப்பதோ வேறொருவர். இச்செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பாரைக் காணோம்.

காலை எடுக்காமலே கட்டியுள்ள எலும்பை மட்டும் நீக்கி வேறொன்றைப் பொருத்தும் முறையை அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் வித்ரோ முதலானோர் வளர்த்தனர். பொருத்திய இடத்தில் சீழ் பிடிப்பது அதன் பெரிய குறை. ஆனால் சீழ் பிடித்த நாய்களே அதிகநாள் உயிர் வாழ்ந்தன என்பது பின்னர் தெரியவந்தது. கிருமியை எதிர்க்கத் திரண்ட சரீரத்தின் காவல்படை புற்றையும் தாக்கியிருக்க வேண்டும் என்பது ஊகம். விஸ்கான்சினில் 1980-களில், கிருமியின் மேலுறையை ஒத்த ஒரு மருந்தை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தபோதும் ஆயுள் நீண்டது. மிஃபாமுர்டைட் என்ற பெயரில் அது 2009-இல் ஐரோப்பாவில், இதே வியாதியால் கால் இழக்கும் மனிதக் குழந்தைகளுக்கு அங்கீகாரம் பெற்றது.

அறுவைக்கு உடன்படாதவர்கள் உண்டு. பணமில்லாதவர்கள் அதைவிட அதிகம். கதிர்வீச்சு வலியைப் பெரிதும் தணிக்கும் என்றாலும், பிராணிகளுக்கான அந்த வசதி நம் நாட்டில் மிக அரிது. எலும்பு அரிக்கப்படுவதைத் தாமதப்படுத்தும் ஜோலெட்ரோனேட் ஊசியும், மெலாக்சிகம், காபாபென்டின் முதலிய வலிநிவாரணிகளும் எங்கும் கிடைப்பவை. சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி முதலிய அரசாங்க ஸ்தாபனங்களில் செலவும் குறைவு. வீட்டு அலமாரியிலிருக்கும் இபுப்ரோஃபென் மாத்திரையை மட்டும் நாய்க்குக் கொடுத்துவிடக் கூடாது. அது வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மருந்து கொடுத்தும் நாய் இரவில் படுக்கமுடியாமல் இடம் மாறி மாறி அலைந்தாலோ, ஆகாரத்தை முகர்ந்துவிட்டு விலகினாலோ, ஊசி போட்டு உயிரை அமைதியாக நீக்குவதைப் பற்றி அன்றே வைத்தியரிடம் பேசிவிடுவது உசிதம். அரித்த எலும்பு ஒரு படி இறங்கும்போதே முறிந்துவிடக்கூடும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில், அலறும் நாயை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது என்று தேடி அலையும்படி விட்டுவிடலாகாது.