சீட் பெல்ட் விளக்கு அணையவில்லையா? வயரை வெட்டாதீர்கள்

காஞ்சிபுரம் அருகே உள்ள கூரத்திலிருந்து கிளம்பினால் சில கிலோமீட்டரில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வந்துவிடும். இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அதில் ஏறும் கார்களில் பலவும் இரண்டு மூன்று கை மாறி வந்தவை. அப்படி ஒரு காரில் டேஷ்போர்டில் சீட் பெல்ட்டுக்கான சிவப்பு விளக்கு எரிந்து சத்தமும் போட்டால், அதற்கு மூன்று கைவைத்தியங்கள் புழக்கத்தில் உண்டு. பக்கிளில் வெறும் கிளிப் ஒன்றைச் செருகிவிடுவது, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொள்வது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லி சீட்டுக்கு அடியில் வயரை வெட்டி முறுக்கிவிடுவது. மூன்றிலும் சத்தம் நிற்கும். பழுது ஏதும் இருந்தால் அது அப்படியே இருக்கும்.

இதில் கிளிப் வியாபாரம் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தது என்பது 2023 மே மாதத்தில்தான் வெளியே தெரிந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், பிளிப்கார்ட், ஸ்னாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து நிறுவனங்களுக்கும் உத்தரவு போட்டு, இந்தக் கிளிப்புக்கான 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. பெல்ட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் இறந்தார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த அவரும் இன்னொருவரும் உயிரிழக்க, முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். மெர்சிடிஸ் காரே ஆனாலும் பெல்ட் போடாதவரை அது காப்பாற்றவில்லை. 2022இல் மட்டும் பெல்ட் அணியாமல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் பயணிகள்.

சரி, பெல்ட்டை ஒழுங்காகப் போட்டும் விளக்கு எரிகிறதே, அதற்கு என்ன செய்வது? பெரும்பாலும் சின்னக் கோளாறுதான். பக்கிளுக்குள் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. பெல்ட்டின் நாக்கு உள்ளே போய்ப் பூட்டியதும் அது விளக்கை அணைக்கும். பிஸ்கட் துகள், சில்லறைக் காசு, சிந்திய டீ, மண் சாலைத் தூசு என்று எது உள்ளே போனாலும் அந்தச் சுவிட்ச் மக்கர் பண்ணும். அடுத்த சந்தேகம் சீட்டுக்கு அடியில் ஓடும் வயர். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி அது இழுபட்டிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். மழை வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் கனெக்டரில் பச்சைப் பாசிபோல அரிப்பு பிடித்திருக்கும். பக்கத்துச் சீட்டு விளக்கு மட்டும் எரிந்தால், முதலில் சீட்டின் மேல் இருக்கும் காய்கறிப் பையை எடுத்துப் பாருங்கள். பாரத்தை வைத்து ஆள் இருப்பதாக நினைக்கும் சென்சார் பல கார்களில் உண்டு.

ஓட்டுநர் சீட்டை நகர்த்தும்போது விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் கோளாறு வயரில். பக்கிளை அசைக்கும்போது அப்படி ஆனால் சுவிட்சில். இவ்வளவைச் சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். வீட்டிலேயே செய்வதானால், காற்றடித்தோ வேக்கூம் வைத்தோ பக்கிளைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எண்ணெய் விடவே கூடாது. அது தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுங்கள். அது ஏர்பேக்கும், விபத்து நொடியில் பெல்ட்டை வெடிமருந்தால் இறுக்கும் பிரிடென்ஷனரும் சம்பந்தப்பட்ட வயர். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்ட பிறகே பயிற்சி பெற்றவர் அதைத் தொட வேண்டும். பல கார்களில் பெல்ட் போட்டிருக்கிறதா இல்லையா என்ற தகவல் ஏர்பேக் கம்ப்யூட்டருக்கும் போகிறது. வயரை முறுக்கிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டருக்கே பொய் சொல்கிறோம். ஆள் உட்கார்ந்த படத்தோடு பெரிய வட்டம் காட்டும் ஏர்பேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஒத்திப் போடாதீர்கள். விபத்தில் பை விரியாமலே போகலாம். சென்னைப் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும் பழைய பக்கிளும் வேண்டாம். விபத்தில் ஒருமுறை வேலை செய்து முடித்ததாக அது இருக்கலாம். இதில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் எனக்குச் சரியான கணக்காகத் தெரியவில்லை.

சட்டத்துக்கு வருவோம். ஓட்டுநர், முன்சீட்டுக்கான எச்சரிக்கை ஒலி 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் கட்டாயம். அதற்கு முந்தைய காரில் அது இல்லையென்பதற்காக யாரும் அபராதம் போட மாட்டார்கள். பெல்ட் போடாவிட்டால் போடுவார்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய். முன்னோக்கிய பின்சீட்டில் இருப்பவருக்கும் இது பொருந்தும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெல்ட் போடாமல் ஓட்டினால் ஓட்டுநருக்கு அதே அபராதம். விளக்கு ரிப்பேர் என்ற சாக்கு இதில் செல்லாது.

கோளாறு உங்கள் காரில் மட்டும்தானா என்று பார்ப்பதும் முக்கியம். 2022 டிசம்பரில் மாருதி சுசுகி, முன்சீட் பெல்ட்டின் உயரம் சரிசெய்யும் பாகத்தில் குறை இருக்கலாம் என்று 9,125 கார்களைத் திரும்ப அழைத்தது. தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் குறைக்காக ஹோண்டா இந்தியாவிலும் பழைய சிட்டி, ஜாஸ் கார்களை அழைத்தது. அந்த ஏர்பேக்கில் இருந்தது வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் கெடும் வெடிமருந்து, நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். இப்படி அழைக்கப்பட்ட வேலைக்குப் பணம் கேட்பதில்லை. எத்தனையாவது கை என்பதும் பொருட்டில்லை.

சர்வீஸ் சென்டர் காசு வாங்கிக்கொண்டு சரிசெய்யாமல் கொடுத்தாலோ, பழைய கார் வியாபாரி குறையை மறைத்து விற்றாலோ அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் வரும். (தெரிந்த மாமாவிடமிருந்து நேரடியாக விலைக்கு வாங்கிய காருக்கு இந்த வழி கிடையாது, அவர் வியாபாரி இல்லையே.) முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு 1915 என்ற தேசிய உதவி எண். அதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே மனு போடலாம். கடை சென்னையில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் பில்லும் ஜாப் கார்டும்தான். "தம்பி, நம்ம கடைதானே, பில் எதுக்கு?" என்று சிரித்தாலும் விடாதீர்கள். வண்டியை எடுக்கும்போது எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பக்கிளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.