பேட்டரி சுட்ட விரல்

"புது பேட்டரி தருகிறோம், பழையதைக் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள் சர்வீஸ் சென்டரில். என் லேப்டாப் பேட்டரி உப்பித் தீப்பிடித்து விரலைச் சுட்டிருந்தது. நான் கொடுக்கவில்லை. அதுதானே சாட்சி!

லித்தியம் அயான் செல்லுக்குள் நுண்ணிய உலோகத் துகள் கலந்திருந்தால் ஷார்ட் ஆகலாம். இதனால்தான் 2006-ல் டெல் நிறுவனம், சோனி செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது.

நம் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தயாரிப்புக் குறையால் காயம்பட்டால் தயாரிப்பாளரிடம் நஷ்டஈடு கேட்கலாம். பொருளே கெட்டுப்போனது அந்தக் கணக்கில் வராது. அதாவது, புது பேட்டரி வேறு, விரலுக்கான பணம் வேறு. பில்லையும் டாக்டர் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். சந்தேகமா? 1915-க்கு போன் செய்யுங்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன்.