விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

பிளஸ் டூ முடிவு வந்ததும் இன்ஜினீயரிங், மருத்துவம், பி.காம் என்றுதான் நம் வீடுகளில் பேச்சு நடக்கிறது. பள்ளி அணிக்காக ஓடியாடி விளையாடும் பிள்ளை, "விளையாட்டுத் துறையிலேயே படிக்கிறேன்" என்றால், "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் இத்துறையில் ஒவ்வொரு வேலைக்கும் வெவ்வேறு படிப்பு இருக்கிறது. அது தெரியாமல் சேர்ந்தால் சில ஆண்டுகள் வீணாகிவிடும்.

உடற்கல்வி ஆசிரியர்

பிளஸ் டூ முடித்தவர்கள் மூன்றாண்டு பி.பி.இ.எஸ். பட்டப்படிப்பில் சேரலாம். பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்குதான். இந்தப் பட்டம் மட்டும் இருந்தால் உயர்நிலைப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஆகிவிட முடியாது. அதன்பின் இரண்டாண்டு பி.பி.எட். முடிக்க வேண்டும். ஆக, மொத்தம் ஐந்து ஆண்டுகள்.

வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் உரிய மதிப்பெண்ணும் போட்டிகளில் பங்கேற்ற சான்றும் இருந்தால் பி.பி.எட். சேரலாம். பி.காம் படித்துக்கொண்டே கல்லூரி அணியில் விளையாடும் மாணவருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. மேற்கொண்டு எம்.பி.எட். முடித்து, 'நெட்' தகுதித் தேர்விலும் வென்றால் கல்லூரிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.

சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இப்படிப்புகளுக்குப் பெயர் பெற்றவை.

பயிற்சியாளர்

ஒரு குறிப்பிட்ட விளையாட்டில் பயிற்சியாளராக விரும்புவோருக்கு, 1961-ல் தொடங்கப்பட்ட பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ மதிப்புமிக்கது. அந்த விளையாட்டில் நல்ல நிலைவரை ஆடியவர்களுக்கே அங்கு இடம் கிடைக்கும்.

காயங்களைக் கவனிப்பவர்

வீரர்களின் தசைப்பிடிப்பு, மூட்டுக் காயம் போன்றவற்றைக் கவனிப்பது பிசியோதெரபிஸ்டின் வேலை. இதற்கு பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்து, பி.பி.டி. சேர வேண்டும். உடற்கல்விப் பட்டத்தை வைத்து இந்த வேலைக்குப் போக முடியாது. விளையாட்டில் இடம் கிடைக்காவிட்டாலும் மருத்துவமனைகளில் வேலை உண்டு என்பது இதன் பலம்.

ஜிம் பயிற்சியாளர்

குறுகிய காலச் சான்றிதழ் படிப்பே போதும். ஆனால் வருமானம் பெரும்பாலும் வாடிக்கையாளர்களைப் பொறுத்தது. மாதா மாதம் ஒரே மாதிரி இருக்காது.

பெண் பிள்ளைகளுக்கு

பெண்கள் பள்ளி, கல்லூரிகளில் உடற்கல்விப் பொறுப்புக்குப் பெண்கள் தேவை. உடை குறித்துத் தயங்கும் பெற்றோர் ஒன்றை அறிந்துகொள்ளலாம்: தலையை மறைத்து ஆடுவதற்குச் சர்வதேசக் கால்பந்தில் 2014-லும், கூடைப்பந்தில் 2017-லும் அனுமதி கிடைத்துவிட்டது. கல்லூரியின் பயிற்சி நேரம், விடுதி, சீருடை விதி ஆகியவற்றைச் சேரும் முன்பே நேரில் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

சேரும் முன்

பி.பி.எட். நடத்தும் கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கும் பட்டம் அரசுப் பணிக்கு உதவாது. பள்ளிக் காலப் போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். சேர்க்கையின்போது அவை தேவைப்படும். அரசுப் பள்ளி வேலை உடனே கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். காலியிடம் அறிவிக்கப்படும்வரை காத்திருக்க நேரலாம்.

பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: விளையாட ஆசையா, பிறருக்குக் கற்றுக்கொடுக்க ஆசையா, காயம்பட்டவரைக் கவனிக்க ஆசையா? அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.