கதையில் யார் இருக்கிறார்?

வியாபாரத்தில் கதை சொல்லத் தெரிய வேண்டும் என்று இப்போது எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் நிறுவனம் பிறந்த கதையை எடுத்துவிடுகிறார்கள். தாத்தா சைக்கிளில் சரக்கு ஏற்றிச் சென்றது, அப்பா கடன் வாங்கிக் கடை போட்டது என்று கதை நீள்கிறது. எதிரே இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "ரேட் என்ன?" என்று கேட்கிறார். கேட்பவருக்கு அந்தக் கதைக்குள் இடமே இல்லை என்பதுதான் காரணம்.

இடம் கொடுத்த கதை என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் கூட்டுறவு தொடங்கியது. அமுல் என்ற பெயரில் நாடே அறிந்த அந்த முறையை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுசெல்ல 1970இல் 'ஆபரேஷன் ஃபிளட்' திட்டம் தொடங்கப்பட்டது. திட்டத்தை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன் முன்னால் இருந்த கேள்வி இது: சங்கம், பங்கு, கொழுப்புச் சத்துக்கு ஏற்ற விலை என்பதையெல்லாம் முன்பின் பார்த்திராத ஊர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

பால் கூட்டுறவு பற்றி ஏற்கெனவே ஆவணப்படம் எடுத்திருந்த இயக்குநர் ஷியாம் பெனகல், இதை முழுநீளக் கதைப்படமாக எடுக்கலாம் என்றார். பணம்? குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். அந்த 10 லட்ச ரூபாயில் உருவாகி 1976இல் வெளிவந்ததுதான் 'மந்தன்'.

படத்தில் டாக்டர் ராவ் என்ற கால்நடை மருத்துவர் ஒரு கிராமத்தில் பால் சொசைட்டி அமைக்க வருகிறார். ஊர் அவரைச் சந்தேகிக்கிறது. குறைந்த விலைக்குப் பால் வாங்கிப் பழகிய தனியார் பண்ணைக்காரர் எதிர்க்கிறார். ஊர்த் தலைவருக்குத் தன் பிடி தளர்ந்துவிடுமோ என்ற கவலை. சாதி குறுக்கே நிற்கிறது. கடைசியில் ராவுக்கு மாற்றல் வந்து அவர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். சொசைட்டியைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பு, ஊரில் ஒதுக்கப்பட்ட மக்களைச் சேர்ந்த இளைஞனான போலாவின் கைக்கு வருகிறது.

விளம்பரத்துக்கு எடுத்த படமாக இருந்தால் ராவ் ஊரைக் காப்பாற்றியிருப்பார், எல்லோரும் மாலை போட்டிருப்பார்கள். இங்கே அதிகாரி வழிகாட்டிதான், பாரத்தைச் சுமப்பவர்கள் ஊர்க்காரர்கள். வேறொரு மாநிலத்தின் கிராமத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் அந்தப் பண்ணைக்காரரைத் தெரியும், அந்தத் தலைவரைத் தெரியும். தன் ஊரிலும் இது நடக்கலாம் என்ற எண்ணம் அப்படித்தான் வருகிறது. சங்கடங்களை மறைக்காததால் கதைமேல் நம்பிக்கையும் வந்தது.

குரியன் படத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. படச்சுருள்கள் கிராமங்களுக்குச் சென்றபோது கூடவே கால்நடை மருத்துவர், பால் தொழில்நுட்பர், தீவன நிபுணர் கொண்ட குழுவும் சென்றது. படம் ஆர்வத்தைக் கிளப்பியது, சொசைட்டி தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். கதை சொல்லி முடித்ததும் கேட்பவர் எடுத்துவைக்கக்கூடிய அடுத்த அடி தயாராக இருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இதற்கு மறுபக்கம் டாடா நானோ. மழையில் ஸ்கூட்டரில் நெருக்கியடித்துச் சென்ற குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்குத் தோன்றிய கார் என்ற கதை நெஞ்சைத் தொட்டது. 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று அறிமுகமானபோது உலகமே பேசியது. ஆனால் நாட்டிலேயே மலிவான கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. விற்பனை சரிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்தப் பெயர் பாதகமாகிவிட்டதை ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். கார் வாங்குவது நம் ஊரில் குடும்பம் ஒரு படி ஏறிவிட்டது என்பதற்கு அடையாளம். பரிதாபத்துக்குரியவராகத் தன்னைக் காட்டும் கதைக்குள் நுழைய யாரும் காசு கொடுப்பதில்லை.

சின்ன வியாபாரத்தில் இதை எப்படிச் செய்வது? விவசாயத்துக்கு மோட்டார் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எங்களுடையது உயர்தரத் தொழில்நுட்பம்" என்பதைவிட, உங்களிடம் வாங்கிய ஒரு விவசாயிக்கு உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். வோல்டேஜ் இறங்கிய ராத்திரியில் பழைய மோட்டாரின் காயில் கருகியது, காயில் கட்டிக் கொண்டுவருவதற்குள் பயிர் வாடியது, புதியதை மாட்டும்போது அவருக்கு இருந்த தயக்கம், அடுத்த கோடையில் என்ன ஆனது என்று நாலே வரிகள் போதும். பிறகு மின்சாரச் செலவு, விலை, உத்தரவாதம் ஆகியவற்றின் கணக்கைக் காட்டுங்கள். கதை கேட்டவருக்கு அந்த எண்கள் எதற்கு என்று புரிந்திருக்கும். பக்கத்து ஊரில் ஓடும் மோட்டாரை நேரில் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டால் அடுத்த அடியும் தயார்.

சில எச்சரிக்கைகள். அந்த விவசாயியின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாத வாடிக்கையாளரைக் கற்பனையில் உருவாக்காதீர்கள், ஒருமுறை பிடிபட்டால் அதன்பின் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. அதேபோல, சரக்கு தாமதமாகிவிட்டது, விலை ஏறிவிட்டது போன்ற செய்திகளுக்குக் கதை வேண்டாம். காரணம், புதிய தேதி, புதிய விலை என்று நேராகச் சொல்லிவிடுவதே அங்கு மரியாதை.

அடுத்த முறை ஒருவரைச் சந்திக்கப் போகும் முன், சொல்லப்போகும் கதையைத் தாளில் எழுதுங்கள். "நாங்கள்" எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். வாங்குகிறவரைவிட நீங்கள் அதிகம் வந்தால், திருப்பி எழுதிவிட்டுக் கிளம்புங்கள்.