மலையிறங்கி பஸ் ஏறினோம்

சிவனொளிபாதமலை 2243 மீற்றர் உயரம். இறங்கி முடிந்தபோது முழங்கால்கள் நடுங்கின. முச்சக்கரவண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆண் துணையின்றிப் போன நாங்கள் நால்வரும் நல்லதண்ணி பஸ் தரிப்பிடத்துக்கே நடந்தோம்.

டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில் அங்கிருந்து ஹட்டனுக்கு நேரே பஸ் உண்டு. மற்றக் காலத்தில் மஸ்கெலியாவில் மாறவேண்டும். சிங்களம் தெரியாதே என்று தயங்காதீர்கள் சகோதரிகளே. தோட்டங்களில் நம் மொழிதான். கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ஒதுங்கி இடம் தந்தார்.

“எங்கேருந்து வர்றீங்க? தனியாவா?”

“கிளிநொச்சி. நாலு பேர் இருக்கிறமே அக்கா!”

சிரித்துவிட்டார்.

ஹட்டனிலிருந்து கண்டி. அங்கே யாழ்ப்பாண பஸ் ஏறினால் ஏ-9 வீதியால் ஊரிலேயே இறங்கலாம். 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட அதே வீதி. ஓமந்தை தாண்டியதைக்கூட அறியாமல் நித்திரையாகி வந்தோம்.